முன்சக்கரத்துக்கு வெட்டிய தோல்

நம் வயதுக்காரிகள் நாலு பேர் கூடினால் போதும், சின்ன வயசு வாசனை என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். ஒருத்திக்குத் தாழம்பூ, ஒருத்திக்கு மாம்பிஞ்சு, இன்னொருத்திக்கு அவள் அம்மா வறுத்த காப்பிக்கொட்டை. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. போன தடவை என்னையும் சொல்லச் சொல்லி நச்சரித்தீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் பாதிப் பேர் காப்பியைக் கீழே வைத்திருப்பீர்கள். எனக்குச் சின்ன வயசு என்றால் பழைய கியர் ஆயில் நாற்றம்தான். அழுகிய முட்டையையும் வெள்ளைப்பூண்டையும் சேர்த்து நசுக்கி வெயிலில் வைத்த மாதிரி ஒரு வீச்சம். என் ஒன்பதாவது வயதில் ஒரு கோடை முழுக்க அந்த வீச்சத்தில்தான் சோறு தின்றேன்.

எங்கள் ஊர் ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகிற வழியில் இருந்தது. இன்றைக்கு அந்தப் பக்கம் போனால் எங்கே பார்த்தாலும் கம்பெனி, ஷெட், ஷிப்டு பஸ். அப்போது ராகிக் காடும் புளியமரமும்தான். ஜில்லாவே சேலம் ஜில்லா. உலகச் சண்டை முடிந்த பிறகு பட்டாளத்துக்காரர்கள் வேண்டாம் என்று கழித்துவிட்ட வண்டிகளைப் பெங்களூரில் ஏலம் போட்டார்கள். அதில் ஒரு லாரி கைமாறிக் கைமாறி எங்கள் அப்பாவிடம் வந்து சேர்ந்தது. மற்ற லாரிகளுக்குப் பின்சக்கரம்தான் தள்ளும். இதற்கு முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். மழை பிடித்துக்கொண்டால் மலை இறங்கிப் போகிற அஞ்செட்டிப் பக்கம் மாட்டுவண்டிகூடச் சேற்றில் படுத்துவிடும், இது மட்டும் உறுமிக்கொண்டு போய்விட்டு வரும். போகும்போது அங்குள்ள கடைகளுக்கு உப்பு மூட்டையும் மண்ணெண்ணெய் டின்னும், வரும்போது புளியும் கொள்ளும் மூங்கிலும். அந்த லாரி வந்த பிறகு அப்பாவின் நடையே மாறிப்போனது. நிலமும் நீச்சும் இருந்தபோது இல்லாத ஒரு மிதப்பு.

லாரியை ஓட்டியது சித்தப்பா, அப்பாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். வீட்டில் எனக்குப் பிடித்த ஒரே ஆள் அவர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நான் அவரைப் பற்றிச் சொல்லப்போவது நன்றாக இருக்காது.

லாரியின் முன் ஆக்சில் ஒழுகியது. விஷயம் அவ்வளவுதான். ஆக்சில் என்பது முன்சக்கரம் இரண்டையும் சேர்க்கிற பெரிய இரும்புக் குழாய். அதற்குள் சக்கரத்தைச் சுற்றுகிற ஷாப்டு என்கிற தண்டும் கியர் ஆயிலும் இருக்கும். குழாயின் இரண்டு முனையிலும் தேங்காய் அளவில் ஓர் இரும்புக் குண்டு, அதில்தான் சக்கரம் இடமும் வலமும் திரும்பும். குண்டுக்குள் கிரீஸ். குழாய் எண்ணெய் குண்டுக்குள் வராமல் தடுக்க ஒரு தோல் வளையம் வைத்திருப்பார்கள். அதற்கு ஆயில் சீல் என்று பெயர். எங்கள் லாரியில் அந்த வளையம் தேய்ந்துபோய், எண்ணெய் கிரீஸைக் கரைத்து, கஞ்சி மாதிரி ஆக்கி, சக்கரத்துக்குள் இருந்த பிரேக்கின்மேல் வழியவிட்டது. எண்ணெய் பட்ட பிரேக் எப்படிப் பிடிக்கும்? இடப்பக்கம்தான் ரொம்ப மோசம்.

ஒருநாள் சித்தப்பா சாவியைக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்தார். "அண்ணா, எடப்பக்கம் பிரேக்கே புடிக்கல. மிதிச்சா வண்டி வலப்பக்கமா இழுத்துக்கினு ஓடுது. சமதரையில பரவால்ல. அஞ்செட்டி எறக்கத்துல லோடோட போறப்ப நான் என்னாத்த புடிச்சிக்கினு நிக்கிறது? இத சரி பண்ணாம நான் மலை எறங்கமாட்டேன். உயிர் ஒண்ணுதான இருக்குது" என்றார். அப்பா முதலில் முனகினார், பிறகு சரி என்றார். பெங்களூரிலிருந்து ஒரு மேஸ்திரியை வரவழைத்தார்.

மேஸ்திரி கன்னடக்காரர். பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் இருந்தவராம். தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவார். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் தெரியுமா என்று கேட்பதுபோல் "கொத்தா?" என்பார். எங்கள் வீட்டு முன்வாசலில், கோலம் போடுகிற இடத்துக்கு நேர் எதிரே லாரியை நிறுத்தி, முன்பக்கத்தைக் கருங்கல் அடுக்கித் தூக்கி, சக்கரங்களைக் கழற்றினார். மாட்டுக்குத் தவிடு கலக்குகிற தகரத் தொட்டியை அடியில் வைத்து அந்தக் குண்டைத் திறந்தார். சீ! கறுப்பும் பச்சையுமாக ஒரு குழம்பு, கட்டி கட்டியாக, தொப் தொப்பென்று விழுந்தது. அதில் இரும்புத்தூள் மினுங்கியது. எப்போதோ உள்ளே போன ஒரு பூரானும் அதில் ஊறி உப்பிக் கிடந்தது.

அந்தக் குழம்பு எங்கள் வீட்டில் போகாத இடம் இல்லை. கோழிகள் அதை மிதித்துக்கொண்டு அடுப்பங்கரை வரைக்கும் கறுப்புக் கால் பதித்தன. மாடு அந்தத் தொட்டியில் வாய் வைக்கவே மாட்டேன் என்றது. எத்தனை தடவை சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். மோரில் அந்த நாற்றம், உப்புச் சாடியில் அந்த நாற்றம், அம்மாவின் முந்தானையில் அந்த நாற்றம். துடைக்கத் துணி போதவில்லை என்று என் நீலப் பட்டுப் பாவாடையைக் கொண்டுபோய் மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டார்கள். சின்னதாகிவிட்டதாம். அதில் ஓரத்தில் மாங்காய் போட்டிருக்கும். அதை அவர் சுருட்டிக் குண்டுக்குள் விட்டுத் துழாவி எடுத்தபோது நான் வேலிக்கு அந்தப் பக்கம் போய் அழுதேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இனிமேல்தான் நீங்கள் கவனமாகக் கேட்கவேண்டும். புதுக் கிரீஸ் டின்னில் வந்தது. மூடியைத் திறந்ததும் அப்பாவும் சித்தப்பாவும் முழங்கை வரைக்கும் கையை விட்டு அள்ளினார்கள். மேஸ்திரி சிரித்துக்கொண்டே, "இதுல மாட்டுக் கொழுப்பு இருக்குது ஸ்வாமி, கொத்தா? கம்பெனியில காய்ச்சி ஊத்தறாங்க" என்றார்.

அப்பா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "டின்னுல வர்றதுக்கு அதெல்லாம் ஒண்ணும் கெடையாது மேஸ்திரி" என்றார்.

கறவை நின்ற மாட்டைக்கூட விற்கமாட்டோம் என்று பெருமை பேசுகிற வீடு எங்களுடையது. கொழுப்பை முழங்கை வரைக்கும் பூசிக்கொண்டு, மண்ணெண்ணெயில் கையைக் கழுவி, நேராக இலையில் வந்து உட்கார்ந்தார்கள். அம்மா பரிமாறினாள். தேய்ந்துபோன பழைய வளையமும் தோல்தான், எங்கேயோ சீமையில் யாரோ உரித்த தோல். அது நாள் கணக்கில் சாமி அறை ஜன்னல்மேல் கிடந்தது. அதற்கெல்லாம் தீட்டு இல்லை.

அந்த மாதிரி வளையம் பெங்களூரில் கிடைக்கவில்லை. மேஸ்திரி போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார். "இந்த வண்டிக்கு இனிமே சாமான் வராது. நல்ல எருமைத்தோல்ல நாமே வெட்டிக்கலாம். உங்க ஊர்ல தோல்வேலை செய்றவன் இருக்கானா? கூப்பிடுங்க. ஆக்சில்கிட்ட உக்காந்து வெட்டட்டும். ஷாப்டு மேல போட்டுப் போட்டுப் பாத்து வெட்டணும், கொத்தா?" என்றார்.

அப்பாவும் சித்தப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தோல்வேலை செய்கிறவர் ஊருக்கு வெளியே இருந்த தெருவில் இருந்தார். எங்கள் வீட்டுக்குச் செருப்பும், கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கிற தோல்பறியும் அவர்தான் தைத்துக் கொடுப்பார். ஆனால் வேலிப் படலைத் தாண்டி உள்ளே வந்தது கிடையாது. போதாக்குறைக்கு மாரியம்மன் பண்டிகைக்கு அப்போதுதான் காப்புக் கட்டியிருந்தார்கள். "அவன் வாசலுக்குள்ள வர்றதாவது! அளவு குடுத்தா வெட்டிக் குடுக்கப்போறான்" என்று அப்பா முடித்துவிட்டார். மேஸ்திரி, "ஆகல்ல ஸ்வாமி, இது ஆகல்ல" என்று, சரிப்படாது என்று கன்னடத்தில் முணுமுணுத்தார். ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கிற ஆள், அதற்குமேல் பேசவில்லை. ஷாப்டை அவரே தூக்கிக்கொண்டு படலுக்கு வெளியே போனார்.

தோல்காரர் அப்படி ஒன்றும் பணிவான ஆள் இல்லை. நெட்டையாக இருப்பார், தொண்டை பெரிது, பட்டாளத்துக் காக்கிக் கோட்டு ஒன்றைக் கோடையிலும் கழற்றமாட்டார். அப்பாவைவிட வயதில் மூத்தவர். அவரை என் அப்பா மட்டுமில்லை, நானும் 'வாடா போடா' என்றுதான் கூப்பிடவேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். ஷாப்டைத் தரையில் போட்டு அளந்துகொண்டே அவர் என்னைப் பார்த்து, "பாப்பா, ஒங்கப்பாரு லாரிய எங்கையால ஓடவெக்கிறேன், பாரு" என்று பீற்றிக்கொண்டார்.

வளையங்கள் வந்தன. இரண்டுதான். தேக்கிலையில் சுற்றிப் படலுக்கு வெளியே கல்மேல் வைத்துவிட்டுப் போனார். கொழுப்பில் ஊறப்போட்டு எடுத்திருந்தார். மெத்தென்று, மடக்கினால் மடங்கி, விட்டால் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். நான் தொட்டுப் பார்த்தேன். அதற்கே அம்மா என் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள்.

மேஸ்திரி அன்றைக்குப் பண்டிகை என்று பெங்களூர் போயிருந்தார். வளையங்களை வீட்டுக்குள் எடுக்கவேண்டும். புதுச் செருப்பு வந்தால் மஞ்சள் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அம்மா வேப்பிலையால் தெளித்தாள். எண்ணெய் ஊறின தோலில் தண்ணீர் எங்கே நிற்கும்? முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தது. மறுபடியும் தெளித்தாள். மறுபடியும் உருண்டது.

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "தண்ணி ஒட்டவே மாட்டேங்குதே. காப்புக் கட்டின நேரத்துல இது என்ன சோதனை?" என்றாள்.

அப்போது சித்தப்பாதான் சொன்னார். என் சித்தப்பா. உயிர் ஒன்றுதான் இருக்கிறது என்று சாவியைக் கீழே வைத்தாரே, அதே ஆள். "அந்தக் கொழுப்பு போனாத்தான் தீட்டுப் போவும் அண்ணி. நாந்தான அத கையில எடுத்து மாட்டணும்? கொதிக்கிற தண்ணில மஞ்சளப் போட்டு, சீயக்காயும் போட்டு, ரெண்டையும் உள்ள உட்டுடுங்க. சுத்தமாயிடும்."

அப்பா பக்கத்தில்தான் நின்றார். தலையை ஆட்டினார்.

அம்மா வெந்நீர் அண்டாவில் போட்டாள். நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே மஞ்சளாக ஒரு கொழுப்பு ஆடை மிதந்தது. ஆட்டுத்தலை வேகிற மாதிரி ஒரு நாற்றம் எழுந்தது. வளையங்கள் நெளிந்தன, சுருங்கின, ஓரம் சுருண்டுகொண்டன. கிடுக்கியால் எடுத்து வெயிலில் போட்டபோது சுட்ட அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தன. செருப்பு நனைந்தால் அடுப்போரம் வைக்காதே என்று எனக்கு ஆயிரம் தடவை சொன்னவள் அம்மா. சூடு பட்டால் தோல் சுருங்கும் என்பது நடக்கத் தெரிந்த குழந்தைக்குத் தெரியும். அதற்குப் படிப்பு வேண்டாம், தொழில் வேண்டாம். அந்த வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தார்கள். இதைத்தான் என்னால் இன்றைக்கு வரைக்கும் ஜீரணிக்க முடியவில்லை.

பிறகு நடந்தது அதைவிடக் கேவலம். சுருங்கின வளையத்தைத் தண்ணீரில் நனைத்து, உலக்கையில் மாட்டி, அப்பா ஒரு பக்கமும் சித்தப்பா ஒரு பக்கமும் இழுத்துப் பெரிதாக்கினார்கள். காய்ந்ததும் பார்வைக்கு வளையம் மாதிரிதான் இருந்தது. மேஸ்திரி திரும்பி வந்து கையில் எடுத்ததும் புருவத்தை உயர்த்தினார். நகத்தால் தட்டிப் பார்த்தார். டொக்கென்று கேட்டது.

"ஏனு இது? மரத்துல செஞ்சானா?"

"அவன் குடுத்ததே அப்படித்தான். அந்த நாயி ஒழுங்கா வேலை செய்யுமா?" என்றார் அப்பா, கண் இமைக்காமல்.

மேஸ்திரி கன்னடத்தில் தோல்காரரை வண்டை வண்டையாகத் திட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. "இல்ல, அம்மா வெந்நீர்ல போட்டாங்க. சித்தப்பாதான் போடச் சொன்னாரு" என்று கத்திவிட்டேன். அப்பாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. அதில் ஒட்டியிருந்த கிரீஸும் சேர்ந்து விழுந்தது. மோவாய் வரைக்கும் வழிந்த கிரீஸைத் துடைக்கக்கூட அம்மா வரவில்லை.

மேஸ்திரிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வளையத்தைக் கீழே வைத்தார். "வேற வெட்டச் சொல்லுங்க ஸ்வாமி. ஆள உள்ள கூப்பிடுங்க. இத மாட்டினா ஒரு மலைகூடத் தாங்காது. எண்ணெய் பூரா பிரேக்குக்குத்தான் வரும்."

"பண்டிகை முடிஞ்சிது. அஞ்செட்டிக் கடைக்காரங்க உப்பு இல்லன்னு ஆள் மேல ஆள் அனுப்பறாங்க. மழையும் எறங்கப்போவுது. இப்பத்திக்கு இத மாட்டுங்க" என்றார் அப்பா.

மேஸ்திரி சித்தப்பாவைப் பார்த்தார். "வண்டி ஓட்டறது நீங்க. நீங்க சொல்லுங்க."

நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சித்தப்பாவின் வாயையே பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சொல்லியிருந்தால் இன்னொரு தோல், இன்னொரு நாள், அவ்வளவுதான் செலவு. ஆனால் வேண்டாம் என்றால், வெந்நீரில் போடச் சொன்னது தப்பு என்று ஆகிவிடும். அப்புறம் அந்த ஆளைப் படலுக்கு உள்ளே உட்காரவைக்கவேண்டும். சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு, "எண்ணெயில ஊறுனா தானா மெத்துன்னு ஆயிடும் மேஸ்திரி. மாட்டுங்க, பாத்துக்கலாம்" என்றார்.

மேஸ்திரி மாட்டினார். வேலையை முடித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போகும்போது, "எறக்கத்துல பிரேக்க நம்பாதீங்க, கொத்தா?" என்று மட்டும் சொன்னார். சித்தப்பா லாரிக்குக் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினார். கூட ஒரு கிளீனர் மட்டும்.

அஞ்செட்டி எறக்கம் உங்களில் யாருக்காவது தெரியுமோ என்னமோ. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பாதி மலை இறங்கியபோதே இடப்பக்கச் சக்கரத்திலிருந்து புகை வந்ததாம். வளையத்தைத் தாண்டி வழிந்த எண்ணெய் பிரேக் சூட்டில் கருகிய புகை. ஒரு வளைவில் சித்தப்பா பிரேக்கை மிதித்தார். இடப்பக்கம் பிடிக்கவே இல்லை, வலப்பக்கம் மட்டும் கவ்வியது. உப்பு மூட்டையின் பாரம் பின்னாலிருந்து தள்ள, லாரி வலப்பக்கப் பாறையில் போய் மோதியது. இடப்பக்கம் இழுத்திருந்தால் பள்ளம், ஆளே கிடைத்திருக்க மாட்டார். கிளீனர் குதித்துவிட்டான். சித்தப்பாவின் வலது கால் பெடலுக்கும் உள்ளே அமுங்கிய தகரத்துக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. மூட்டை வெடித்து ரோடு முழுக்க உப்பு. மலைக்காரர்கள் கடப்பாரையால் நெம்பி அவரை வெளியே எடுத்தார்கள். பெங்களூர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குமேல் எடுத்துவிட்டார்கள்.

லாரியைக் கட்டி இழுத்து வந்து பழையபடி எங்கள் வாசலில் நிறுத்தினார்கள். அப்பா தோல்காரரைக் கூட்டிவரச் சொன்னார். அவர் காக்கிக் கோட்டோடு வந்து படலுக்கு வெளியே நின்றார். அப்பா கழற்றின வளையத்தை அவர் காலடியில் வீசினார். "பாருடா நீ வெட்டின லட்சணத்த. உன்னால எந்தம்பி கால் போச்சு."

அவர் குனிந்து எடுத்தார். மடக்கப் பார்த்தார், அது இரண்டாக முறிந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அந்தக் கொழுப்பு, எண்ணெய் நாற்றத்துக்கு நடுவிலும் சீயக்காய் வாசனை இருந்ததோ என்னமோ. பெரிய தொண்டை அன்றைக்குத் தணிந்து வந்தது. "இத வேவ வெச்சிருக்கீங்களே சாமி. செருப்ப யாராச்சும் வேவ வெப்பாங்களா?"

அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் வாயைத் திறந்திருப்பேன், என் தோளை அவள் அழுத்திப் பிடித்திருந்தாள். அப்பா பொய் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை.

"வேவ வெச்சா என்னடா? ஒங்கையில பட்டத அப்படியே ஊட்டுக்குள்ள எடுத்துக்கணுமா?"

"அப்ப எங்கிட்ட எதுக்கு சாமி வெட்டச் சொன்னீங்க?"

அவ்வளவுதான் கேட்டார். பதில் இல்லாத இடத்தில் எங்கள் ஊரில் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். எதிர்த்துப் பேசினான் என்று பேராகிவிட்டது. அந்த வருஷம் ராகிக் களத்தில் அவருக்கு வருஷக் கூலியாகக் கொடுக்கிற படி தானியத்தை அளக்கவில்லை. எங்கள் வீடு நிறுத்தியதும் மற்ற வீடுகளும் நிறுத்தின. அவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஓசூரைத் தாண்டி ஜூஜுவாடிப் பக்கம் பிழைக்கப் போனார். போகும்போது எங்கள் வீட்டு வழியாகப் போகவில்லை, காட்டைச் சுற்றிக்கொண்டு போனார் என்று கேள்விப்பட்டேன்.

லாரி அப்படியே நின்றது. மேஸ்திரிக்கு ஆள் அனுப்பினார்கள். ஆக்சில் பக்கத்தில் உட்கார்ந்து தோல் வெட்ட ஆளை உள்ளே விடுவதாக இருந்தால் வருகிறேன், இல்லாவிட்டால் என்னைக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். வேறு மேஸ்திரிகளும் வந்து பார்த்தார்கள், தோல் இல்லாமல் ஆகாது என்றார்கள். அப்பா யோசித்தார். ஒரு மனுஷன் அரை நாள் வாசலில் உட்கார்ந்து எழுந்து போவதா, ஊரே அண்ணாந்து பார்த்த லாரி போவதா என்று யோசித்தார். உங்களுக்குச் சிரிப்பு வரும். லாரியை விற்றுவிட்டார். ஜூஜுவாடியில் மண்டி வைத்திருந்த ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். எங்கள் கிளீனரும் அந்த மண்டிக்கே வேலைக்குப் போய்விட்டான்.

அவன் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோதுதான் மிச்சத்தைச் சொன்னான். ஜூஜுவாடியில் எங்கள் தோல்காரரையே பிடித்துக் கொண்டுவந்து லாரிக்கு அடியில் படுக்கவைத்தார்களாம். அவர் ஷாப்டின்மேல் தோலைப் போட்டுப் போட்டுப் பார்த்து வெட்டி, தன் கையாலேயே உள்ளே பொருத்தினாராம். எந்தப் பண்டிகையும் குறுக்கே வரவில்லை, யாரும் அண்டாவை அடுப்பில் ஏற்றவில்லை. அந்த மண்டிக்காரர் பெரிய உத்தமர் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை முடிந்ததும் டீயைக் கொட்டாங்குச்சியில்தான் ஊற்றிக் கொடுத்தாராம். லாரி ஓடவேண்டும் என்கிற ஆசை அவருக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு அந்த லாரி எங்கள் வீட்டு வழியாகத்தான் அஞ்செட்டிக்குப் போய்வந்தது. சித்தப்பா வாசலில் நாற்காலி போட்டு, கக்கத்துக் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருப்பார். பெண் கொடுக்க யாரும் வரவில்லை. வேலையும் இல்லை. சத்தத்தை வைத்தே, தூரத்தில் வரும்போதே அதுதான் என்று கண்டுபிடித்துவிடுவார். உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு, மழையிலும் சேற்றிலும் அது பாட்டுக்குப் போகும், திரும்பி வரும்.

ஒருநாள் மத்தியானம் அது எங்கள் வீட்டுக்கு எதிரே நின்றது. கிளீனர் இறங்கி ரேடியேட்டருக்குத் தண்ணீர் வாங்க வந்தான். சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். "போயி முன்சக்கரத்துக்கு அடியில பாரு பாப்பா. ஒழுவுதா?"

நான் ஓடிப்போய் ரோட்டில் மண்டியிட்டுப் பார்த்தேன். குண்டைச் சுற்றிப் புழுதிதான் படிந்திருந்தது. விரலால் தடவினேன். விரலில் மண் ஒட்டியது, எண்ணெய் ஒட்டவில்லை. இடப்பக்கமும் பார்த்தேன், வலப்பக்கமும் பார்த்தேன்.

"ஒரு சொட்டுகூட இல்ல சித்தப்பா. காஞ்சி கெடக்குது."

லாரி கிளம்பிப் போனது. இப்போதாவது சொல்வார், ஒரு வார்த்தை, எனக்கு மட்டுமாவது சொல்வார் என்று பக்கத்திலேயே நின்றேன்.

"அவன் உள்ளார படுத்து கை வெச்ச வண்டி. இனிமே அதுல நாம ஏறி உக்கார முடியுமா? நல்லவேளை, வித்துட்டோம்" என்றார் சித்தப்பா. சொல்லிவிட்டு, இல்லாத காலின்மேல் வேட்டியை இழுத்துச் சரியாக மூடிக்கொண்டார்.